தலையில் நின்ற பை

புடவைத் துண்டில் புளியங்கொட்டையை நிரப்பித் தைத்த சிறு பை அது. மேலே எறிந்து, கையை இரண்டு தட்டு தட்டிப் புறங்கையில் பிடித்துவிடுவேன். தலையில் ஏந்துவது மட்டும் ஒருநாளும் எனக்கு வந்ததில்லை.

திருத்தணியில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வந்த என்னைக் கண்டு, என் நான்கு வயது மகள் அலறினாள்.

“நீ நைனா இல்ல, போ!”

படிக்கட்டில் போன கூட்டம் என்னைப் பிள்ளை பிடிக்கிறவனாகப் பார்த்தது. நான்தான் அவள் அப்பன் என்று நிரூபிக்க, தினமும் அவளுக்கு வித்தை காட்டும் பையைப் பதற்றத்தில் மடியிலிருந்து எடுத்து எறிந்தேன். கை தவறி என் தலையில் விழுந்தது, ஈரச் சந்தனத்தில் ஒட்டிக்கொண்டது. அழுகையை விட்டுச் சிரித்தாள்.

“இன்னொரு வாட்டி நைனா!”

வீட்டில் எறிந்தபோது பை தலையில் நிற்காமல் தரையில் விழுந்தது.

“சந்தனம் காஞ்சிபோச்சு, குனி” என்றவள், தான் பார்த்துப் பயந்த அதே தலையில் தன் கையாலேயே குழைத்துப் பூசினாள்.

இப்போது முடி வளர்ந்துவிட்டது. எனக்குத்தான் வருத்தம்.