எல்லையில் நின்ற வண்டி

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்த வருடம், நெய்வேலி பஜாரை ஒட்டிய மைதானத்தில் ஒரு காருக்குக் கல்யாணம் போல விழா எடுத்தார்கள். கார் ஒன்றும் புதியதல்ல. அதே பெயரில் சின்னக் கார் எங்கள் பிளாக்கிலேயே நான்கு குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்பம்பூவைச் சுமந்தபடி நின்றுகொண்டிருந்தது. அதற்கே மூக்கையும் முழியையும் திருத்தி, பெட்ரோலைக் குறைவாகக் குடிக்கப் பழக்கி, மறுபடியும் கூட்டி வந்திருந்தார்கள். கடலூரிலிருந்து வந்த விற்பனைக்காரர்கள் ஷாமியானா போட்டு, வெள்ளி நிறத் துணியால் காரைப் போர்த்தி, வந்தவர்களுக்கெல்லாம் ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள். நான் மூன்று தடவை வாங்கிக் குடித்தேன்.

அப்பா முதல் வரிசையில் நின்றார். அவர் சுரங்கத்தின் நில அளவைப் பிரிவில் பெர்மனென்ட். பிழைப்புக்காகச் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். ரசத்துக்குப் போடும் புளிகூட எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்கிற ஆள். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: மைலேஜ் எப்படி இவ்வளவு வரும்?

அதற்குப் பதிலாக டை கட்டிய விற்பனைக்காரர் காருக்குள் உட்கார்ந்து, எல்லாரையும் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொன்னார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கிளச்சிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் அடங்கிவிட்டது. அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

“சாவியத் தொடவே இல்ல பாருங்க. சிக்னல்ல, கேட்டுல நிக்கிறப்ப அதுவா நின்னுடும். கிளச்ச மிதிச்சா அதுவா எழுந்துக்கும்.”

மிதித்தார். எழுந்தது. விட்டார். அடங்கியது. முன் வரிசை ஆட்கள் அரை அடி பின்னால் நகர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கும் அது கார் மாதிரி தெரியவில்லை. படுத்துப் படுத்து எழுந்திருக்கிற ஏதோ ஒன்று போல இருந்தது.

அப்போதுதான் கூட்டத்தின் கடைசியில் அந்த ஆளைப் பார்த்தேன். தலை, புருவம், இமை, சட்டை, கைகள் எல்லாம் ஒரே சாம்பல். கண்கள் மட்டும் சிவந்து ஈரமாக இருந்தன. அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் கான்ட்ராக்ட் ஆட்கள் ஷிப்ட் முடிந்து அப்படித்தான் வருவார்கள். ஆனால் அவர்களை நான் லாரியின் மேலே கூட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன். தனியாக, அசையாமல், அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

“மிதிக்காம உட்டா?” என்று அவர் கேட்டார்.

“மிதிக்கிற வரைக்கும் இப்படியேதான் சார் நிக்கும்” என்றார் விற்பனைக்காரர்.

அந்த ஆள் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு காரை விட்டுவிட்டு என் அப்பாவின் முதுகையே பார்த்தார். அதன்பின் என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டேன். மறுபடி எட்டிப் பார்த்தபோது அவர் இல்லை. அவர் நின்ற இடத்தில், புல்லின் மேல், வெளிறிய இரண்டு பாதத் தடங்கள் மட்டும் இருந்தன.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “சாம்பல் ஆளுங்க ஆயிரம் பேரு இருக்காங்க இந்த ஊர்ல” என்றாள். சொல்லிவிட்டு என் நெற்றியில் திருநீறு பூசினாள். சாம்பலைப் பார்த்துப் பயந்தவளுக்குச் சாம்பலையே பூசுகிறாளே என்று நினைத்தேன். ஆனாலும் துடைக்கவில்லை.

கார் கார்த்திகை கடைசியில் வீட்டுக்கு வந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவும் செய்தது, பயமாகவும் இருந்தது. டவுன்ஷிப் வாசலில் இருக்கும் ஆர்ச் கேட்டில், ரயில்வே கேட்டில், மாடு குறுக்கே வந்த இடத்தில் எல்லாம் எஞ்சின் தன்னால் அடங்கும். அந்த நிசப்தத்தில் அம்மாவின் வளையல் சத்தம்கூடத் தனியாகக் கேட்கும். அப்பா காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். “புரியுதுங்க. ஆனா அது மூச்ச நிறுத்தறப்ப எனக்கும் நின்னுடுது” என்றாள் அம்மா. அந்த வசதியை அணைத்து வைக்க ஒரு பொத்தான் இருந்தது. மைலேஜ் போய்விடும் என்று அப்பா அதைத் தொடவில்லை.

சிக்கல் எங்கே ஆரம்பித்ததென்றால், வண்டிக்குப் பூஜை போடுவதில்தான். தன் அண்ணன் எலுமிச்சம்பழம் வைக்காமல் அந்த வண்டியில் கோயிலுக்கோ குளத்துக்கோ வர மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். மாமா எங்கள் வீட்டு வாசலை மிதித்து ஏழு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் மற்ற வீடுகளுக்குத் தாய்வீட்டுச் சீர் வரும். கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை. எங்கள் வீட்டுக்கு மட்டும் வராது. அன்றைக்கு அம்மா காலையிலிருந்தே தலைவலி என்று படுத்துக்கொள்வாள். எனக்கு அது பொங்கல் தலைவலி என்றே பதிந்திருந்தது.

மாமா வராததற்குக் காரணம் இதுதான். அம்மாவின் ஊரில் எந்த வண்டி வந்தாலும் எல்லையில் நிற்க வேண்டும். மாட்டு வண்டியோ, மாப்பிள்ளை காரோ, அமைச்சர் காரோ, பேதமில்லை. எல்லைப் பிடாரியின் முன்னால் எஞ்சினை நிறுத்தி, ஒருவர் இறங்கிப் பழம் வைத்து, உத்தரவு கேட்க வேண்டும். கோயில் சுவரில் பல்லி சொன்னால் உள்ளே போகலாம். அப்பாவின் கல்யாணக் கார் அங்கே அரை மணி நேரம் நின்றதாம். பல்லிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். எனக்கு மூன்று வயதாக இருந்தபோது சுரங்கத்துக்காக அந்த ஊரை அளந்தார்கள். அளக்க வந்த ஜீப்பில் அப்பா இருந்தார். ஜீப் எல்லையில் நிற்கவில்லை. ஓட்டியவருக்கு வழக்கம் தெரியாது. தெரிந்த அப்பா, முன் சீட்டில் அதிகாரி இருந்ததால், பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை மாமா வேலியோரம் நின்று பார்த்தார்.

“நெலம் போறதுக்கு உம் புருஷன் இன்னா பண்ணுவாரு, அது அவரு கையில இல்ல. நின்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வந்திருக்கலாம் இல்ல?” இதுதான் மாமா அம்மாவிடம் கடைசியாகப் பேசியது. பிறகு ஊர் கலைந்தது. பிடாரியைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் புதுக் குடியிருப்பில் கோயில் கட்டினார்கள். மாமா குறிஞ்சிப்பாடிப் பக்கம் போய்விட்டார்.

அம்மா ஆள் விட்டுக் கேட்டாள். பதில் வந்தது. வருகிறேன், ஆனால் புதுக் கோயில் வேண்டாம், பழைய எல்லைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல். உத்தரவு கிடைத்தால் அதே வண்டியில் ஏறி வீட்டுக்கு வருகிறேன். கிடைக்காவிட்டால் இதோடு விட்டுவிடு.

“அங்க சுவரே கிடையாது. பல்லி எங்கேர்ந்து வரும்?” என்றார் அப்பா. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் முதுகு குலுங்கியது எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

மார்கழியில் ஒரு விடியற்காலை கிளம்பினோம். பனி காரின் மூக்குக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றது. சேத்தியாத்தோப்பு சாலையிலிருந்து பிரியும் பழைய தார்ச்சாலையில் திரும்பியதும் எதிரே ஒரு வண்டி இல்லை, ஒரு நாய் இல்லை. ஓரத்தில் ஒரு மைல்கல்லில் அம்மாவின் ஊர்ப் பெயரும் அதன் கீழே ஒன்று என்ற எண்ணும் எழுதியிருந்தது. இன்னும் ஒரு கிலோமீட்டரில் ஊர் வந்துவிடும் என்று அந்தக் கல் இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி, எல்லைக்கு இப்பால் சாலையோரம் வீடுகள் இருந்த இடங்களில் சிமென்ட் தரைகள் மட்டும் கிடந்தன. ஒரு கதவு நிலை தனியாக நின்றது. அம்மா ஒவ்வொரு தரையாகப் பார்த்து யார் வீடு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு அவள் அங்கே இருக்கிறவர்களோடு பேசுகிறாள் என்று தோன்றி உடம்பு சிலிர்த்தது.

சாலை ஒரு முள்வேலியில் முடிந்தது. அதற்கு அப்பால் தரை இல்லை. வெறும் பனி. அந்தப் பனிக்குள், எங்கள் கால்களுக்கும் கீழே எங்கோ ஆழத்தில், விளக்குகள் மெதுவாக நகர்ந்தன. சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட் இடைவிடாமல் இரைந்தது.

வேலிக்குப் பத்தடி முன்னால் வலப்பக்கம், அன்று அளந்து நட்ட ஒரு வெள்ளைக் கல் இருந்தது. அதில் எழுதியிருந்த எண் அப்பாவின் கையெழுத்து. இடப்பக்கம், பிடாரியைப் பெயர்த்த இடத்தில், ஒரு குழி. குழியின் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, ஈரத் தலையோடு, மாமா நின்றிருந்தார். அவர் முகம் எனக்கு நினைவில் இல்லை. ஆனாலும் எங்கேயோ பார்த்தது போல இருந்தது.

அப்பா காரை நிறுத்தி, கியரை விலக்கி, காலை எடுத்தார். எஞ்சின் அடங்கியது.

“மாப்ள, வண்டிய நிறுத்தனது நீங்களா?” என்றார் மாமா.

ஏழு வருடத்தில் முதல் வார்த்தை. அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “இல்ல மச்சான். அதுவா நின்னுடுச்சு” என்றார்.

“நின்னுடுச்சு இல்ல? அப்ப சரி. யாரும் எறங்க வாணாம்.”

மாமா குழியின் விளிம்பில் எலுமிச்சம்பழத்தை வைத்துக் கற்பூரம் ஏற்றினார். காருக்கு முதுகைக் காட்டிக் கைகட்டி நின்றார். “ஆத்தா, வாசல்ல வண்டி நின்னுகினு இருக்குது. உள்ள வரலாமான்னு கேக்குது. உத்தரவு குடு” என்றார்.

நாங்கள் காத்திருந்தோம். கற்பூரம் எரிந்து கறுத்தது. கண்ணாடியில் பனி ஏற ஏற மாமா கரைந்துகொண்டே போனார். முதலில் தலை போயிற்று, பிறகு தோள். கடைசியில் வேட்டி மட்டும் தனியாக நின்றது. பள்ளத்துக்குள்ளிருந்து திடீரென்று, பல்லி சொன்னது போல, ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேட்டி அசையாமலே, “அது மிஷினு” என்றது. அம்மா மறுபடி குனிந்துகொண்டாள்.

நான் பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்திருந்தேன். அதனால் எனக்கு அப்பாவின் இடது கால் தெரிந்தது. அது கிளச்சுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது. பிறகு கொஞ்சம் எழும்பி, அந்தரத்தில் நின்று, திரும்பத் தரைக்குப் போயிற்று. மறுபடியும் எழும்பியது, மறுபடியும் இறங்கியது. அப்பாவின் கண்கள் காலில் இல்லை, வலப்பக்கத்து வெள்ளைக் கல்லில் இருந்தன. அவர் நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, “அண்ணா வந்துடணும், அண்ணா வந்துடணும்” என்று முணுமுணுத்தாள்.

கால் மூன்றாவது தடவை எழுந்தது. மெதுவாகக் கிளச்சின் மேல் இறங்கி அழுத்தியது.

எஞ்சின் உறுமி எழுந்தது. விளக்கு ஒரு கணம் மங்கிப் பிரகாசித்தது. அம்மா “ஆத்தா” என்று இரண்டு கைகளையும் கூப்பினாள். அப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

மாமா உடனே திரும்பவில்லை. எரிந்துபோன கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து பழத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பின் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர்மேல் சோப்பு வாசனை அடித்தது. அதற்கு அடியில் ஏதோ தீய்ந்த வாசனையும் இருந்தது.

எனக்கு அப்பாவின் மேல் ஆத்திரமாக வந்தது. சாமியை, மாமாவை, அம்மாவை, மூன்று பேரையும் ஒரே மிதியில் ஏமாற்றிவிட்டார். வீட்டில் அம்மா மாமாவுக்கு இட்லி வைக்க வைக்க, நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். அம்மா சட்னிக்காக உள்ளே போனதும் மாமாவின் காதில் சொல்லிவிட்டேன்.

“மாமா, அது சாமி இல்ல. அப்பாதான் கிளச்ச மிதிச்சாரு.”

மாமா இட்லியைப் பிட்டுக்கொண்டே, “எம்மாம் நேரம் ஆச்சு பாத்தியா” என்றார். “உங்க அம்மாகிட்ட சொல்லிகினு இருக்காத.”

நான் சொன்னது அவருக்குச் சரியாகப் புரியவில்லை என்று நினைத்தேன். அவருக்காக வருத்தப்பட்டேன்.

அந்தப் பொங்கலுக்குச் சீர் வந்தது. அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து, குளிக்க நேரமில்லாமல், கரும்பையும் பானையையும் தூக்கிக்கொண்டு மாமா நேரே வந்திருந்தார். நான்தான் கேட்டைத் திறந்தேன். தலை, புருவம், இமை எல்லாம் சாம்பலாக, சிவந்த ஈரக் கண்களோடு அந்த ஆள் நின்றார். நான் அலறிக்கொண்டு உள்ளே ஓடினேன். “மாமாடி, உன் மாமாடி” என்று அம்மா சிரித்தாள். அவளுக்கு அன்று தலைவலி இல்லை. மைதானத்தில் நின்றவர் மாமாதான் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரும் புதுக் காரைப் பார்க்க வந்திருக்கிறார் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பல வருடம் கழித்து, அதே காரில் ஓட்டப் பழகியபோது, ரயில்வே கேட்டில் எஞ்சின் தன்னால் அடங்கியது. அந்த நிசப்தத்தில், கூட்டத்தின் கடைசியிலிருந்து வந்த அந்தக் குரல் எனக்குத் திரும்பக் கேட்டது. “மிதிக்காம உட்டா?” என் இடது கால் கிளச்சின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கேட் திறந்து, பின்னாலிருந்த லாரிக்காரர் ஹாரன் அடிக்கும்வரை நான் மிதிக்கவில்லை.

குழியைப் பார்த்து, காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அன்று அவ்வளவு நேரம் மாமா யாருடைய உத்தரவுக்காகக் காத்திருந்தார் என்று பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.