மூவர் குழுவின் நான்காவது ஆள்

பதினோராயிரத்து நானூறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாத ஒரு ராக் குழு வெளியிட்ட முதல் பாட்டை, முதல் வாரத்தில், அத்தனை தடவை கேட்டிருக்கிறார்கள். பின்னால் இசைக் கம்பெனி கிடையாது, சிபாரிசு கிடையாது. அந்தப் பாட்டில் பேஸ் கிட்டார் வாசித்தவரைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

தொழில், லிஃப்ட் ரிப்பேர். குழுவில் அவர் பெயரே 'லிஃப்ட்'. நாற்பதை நெருங்கும் வயது, கல்யாணம் ஆகவில்லை, மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. பகலெல்லாம் மொட்டை மாடி மோட்டார் அறையிலோ, லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியிலோ கிரீஸ் கையோடு தனியாக இருப்பார். லிஃப்ட் ஓடுகிற வரை அவரை யாரும் நினைப்பதில்லை. நின்றால் போன் வரும். அதுவும் திட்டோடு.

பேஸ் கிட்டாரும் அதே ஜாதிதான். நான்கு தடித்த கம்பி, அடித்தொண்டை உறுமல். பாட்டைத் தோளில் சுமப்பது அது. கைதட்டு வாங்குவது மற்றவை. இந்தப் பாட்டின் மெட்டே அவருடைய உறுமலில் இருந்துதான் பிறந்தது. நடுவில் எல்லோரும் சட்டென்று நின்றுவிட, பேஸ் மட்டும் ஆளில்லாத தெருவில் நடப்பதுபோல் கொஞ்ச தூரம் போகும். பிறகு மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். அந்த இடத்துக்காக மாதக்கணக்கில் விரல் தேய வாசித்திருக்கிறார்.

தப்பு நடந்தது ஒலிகளைக் கலந்து இறுதி செய்த அன்று. பாடகிக்கு செல்போன் கடையில் வேலை. "இப்பல்லாம் யாரு பெரிய ஸ்பீக்கர்ல கேக்குறா? எல்லாம் போன்தான். போன்லயே சரி பார்ப்போம்" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. பேஸ் வந்த இடத்திலெல்லாம் போனின் குட்டி ஸ்பீக்கர் கரகரத்தது. குறை என்றார்கள். இன்னும் குறை. கரகரப்பு நின்றதும் குரல், கிட்டார், டிரம்ஸ், பேஸ் என்று நால்வருக்கும் ஒரே குஷி. "சரி, இப்படியே போட்டுடலாம்" என்று கடைசியாகத் தலையாட்டியவர் லிஃப்டேதான். குஷி வந்தால் காது மூடிக்கொள்ளும்.

பாட்டு வெளியான அன்று தங்கை வீட்டில் தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துக் கேட்டார்கள். தங்கையின் கணவன்தான் குழுவில் டிரம்ஸ்; பிழைப்புக்கு ரொட்டி வண்டி ஓட்டுகிறவன்.

"அண்ணே, நீ வாசிக்கிற இடம் வந்தா சொல்லு" என்றாள் தங்கை.

"இதோ... இப்ப."

"இப்பவா? கரண்ட் போன மாதிரில்ல இருக்கு!"

"அது மச்சான் ஸ்பெஷல்" என்றான் கணவன். "காத்து மாதிரி. இருக்கும், ஆனா தெரியாது."

சிரிப்பு அடங்க நேரமானது. அவரும் சிரித்து வைத்தார்.

வாரக் கடைசியில் இணையத்தில் ஒரு விமர்சனம் வந்தது. குரலில் நெருப்பு, கிட்டாரில் கத்தி, டிரம்ஸில் இடி என்று வாய் நிறையப் புகழ்ந்திருந்தார்கள். "எல்லாவற்றையும் விட, நடுவில் வரும் அந்தத் துணிச்சலான மௌனம்! இந்த மூவர் குழுவை மறக்க முடியாது" என்று முடித்திருந்தார்கள். குழுவின் வாட்ஸ்அப்பில் இதயங்கள் பறந்தன. 'நாம நாலு பேரு' என்று அவர் தட்டினார். அனுப்பாமல் அழித்தார்.

பிறகு பாடகி போன் செய்தாள்.

"கோவிச்சுக்காதீங்க லிஃப்ட். ஒரு ஓட்டல் மேடைக்குக் கூப்பிட்டிருக்காங்க. மூணு பேருன்னு நெனச்சுத்தான் கூப்பிட்டாங்க. இனிமே அப்படியே போயிடலாமான்னு ஒரு யோசனை."

"பேஸ் கேக்குற மாதிரி பாட்ட மாத்திப் போடலாமே?"

"ஓடிட்டு இருக்கிற பாட்டுல யாராவது கைய வைப்பாங்களா? புதன்கிழமை ஓட்டுக்கு விட்ருவோம்."

எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வது என்பது குழுவின் சட்டம். சமமாக வந்தால் பழையபடியே தொடரும். கிட்டார்க்காரன் பாடகி பக்கம், அதில் சந்தேகமில்லை. தங்கை கணவன் தன் பக்கம் நின்றால் சமம். அவர் குழுவில் இருப்பார். டிரம்ஸும் பேஸும் ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்து நிற்பவை. போதாக்குறைக்கு சொந்தம் வேறு. நம்பினார்.

ஞாயிறு மதியம் அறையில் உட்கார்ந்து அதே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுச் சற்று நிறுத்தினார். கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுத் தையல்காரம்மா.

"சத்தம் அதிகமா இருந்துச்சாம்மா? இதோட நிறுத்திக்கிறேன்."

"நிறுத்திட்டீங்களேன்னுதாம்ப்பா வந்தேன். அந்தச் சத்தத்துக்குத்தான் மிஷினை மிதிச்சுட்டு இருந்தேன். கால் ஓடுதுல்ல! நடுவுல ஒரு எடத்துல அடி மெதுவாகுமே, அங்க நானும் ஊசிக்கு நூல் மாத்திக்குவேன்."

"அந்தப் பாட்டு வெளிய வந்திருக்கும்மா" என்று போனில் போட்டுக் காட்டினார். அந்தம்மா காதருகே வைத்து முழுசாகக் கேட்டார்.

"நல்லாருக்கு. ஆனா இது அது இல்லப்பா."

புதன்கிழமை, சைக்கிள் கடைக் கிடங்கில் ஒத்திகை. அவர் சுற்றி வளைக்கவில்லை. "எங்க கீழ் வீட்டு அம்மாவுக்கு என் பேஸ்தான் பாட்டு. போன்ல போட்டதைக் கேட்டுட்டு, இது அது இல்லன்னுட்டாங்க" என்றார்.

"அவங்க ஒரு ஆளு, லிஃப்ட். அங்க பதினோராயிரத்து நானூறு" என்றான் கிட்டார்க்காரன், மெல்லத்தான்.

பாடகி கேட்டாள்: "மூணு பேரா போறதுக்குச் சம்மதம்னா கை தூக்குங்க."

அவள் கை. கிட்டார்க்காரன் கை. தங்கை கணவன் குனிந்து டிரம்ஸ் பெடலின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. லிஃப்ட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்," என்றான், நிமிராமல். "வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினான்.

எதிர்ப்பவர்கள் யார் என்று பாடகி கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் லிஃப்ட் தன் கையைத் தூக்கினார். எல்லோரும் பார்க்கிறவரை இறக்கவில்லை.

மூன்றுக்கு ஒன்று.