முட்டையில்லாத வட்டிலப்பம்

வட்டிலப்பத்தில் முட்டையை அடியோடு நிறுத்தவேண்டும் என்று முடிவெடுத்தவள் நான்தான். டொக்டர்கூட அவ்வளவு தூரம் போகவில்லை. குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அந்தக் குணத்தால் பட்டதை இப்போதும் சனிக்கிழமைகளில் நினைத்துக்கொள்கிறேன்.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா இறந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அம்மா, அண்ணா, நான். அண்ணா புறக்கோட்டையில் ஓர் இரும்புச்சாமான் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் அவருக்கு அரைநாள் வேலை. இரண்டரை மணிக்குப் படியேறி வருவார், சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் போவார், நின்றபடியே வட்டிலப்பத்தைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவார். அம்மா சப்பாத்துக்காக ஏசுவார். அடுத்த சனிக்கிழமையும் அதேதான் நடக்கும்.

வட்டிலப்பம் எங்கள் ஆட்களின் பண்டம் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்தவரை அம்மா அதைக் கண்ணால் கண்டதும் இல்லை. எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் இருந்த முஸ்லிம் அன்ரி ஒரு பெருநாளுக்குக் கொடுத்தனுப்பினார். ஆறு பேருக்கான கிண்ணத்தை அண்ணா தனியாளாக முடித்துவிட்டார். மறுநாளே அம்மா கீழே போய், அன்ரியின் குசினியில் நின்று, கித்துள் கருப்பட்டியைத் தேங்காயின் முதற்பாலில் கரைப்பதையும், பத்து முட்டையை அடித்துத் துணியில் வடிப்பதையும், நீராவியில் அவிப்பதையும் பழகிக்கொண்டு வந்தார். ஒரு வருடத்துக்குள் அது எங்கள் வீட்டுப் பரம்பரைப் பலகாரம் ஆகிவிட்டது. ஊரிலிருந்து வந்தவர்களிடம் அம்மா கூச்சமில்லாமல் அப்படித்தான் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை அண்ணா வரவில்லை. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள் என்றும், அண்ணா அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி இறங்கி நின்றதைக் கண்டதாகவும் அவரோடு கடையில் வேலைசெய்த ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு கண்டவர்கள் யாரும் இல்லை. நானும் அம்மாவும் போகாத இடமில்லை. ஓரிடத்தில் கேட்டால் இன்னோரிடத்தைக் கைகாட்டினார்கள். எங்கேயும் அவருடைய பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் அம்மா வட்டிலப்பம் அவித்தார். பத்து முட்டை, முழுக் கருப்பட்டி, ஒன்றும் குறையாமல். இரண்டரை மணிக்கு நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். கீழே சப்பாத்துச் சத்தம் கேட்கும். முதலாம் மாடி, இரண்டாம் மாடி. கீழ்வீட்டுக் கதவு திறக்கும், மூடும். எங்கள் படிக்கு அந்தச் சத்தம் ஏறாது. அம்மா கிண்ணத்தை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதைத் தானே சாப்பிடத் தொடங்குவார். எனக்கு ஒரு கரண்டி தருவார், அதற்கு மேல் தரமாட்டார். அது அண்ணாவின் பங்கு. வெளியே கொடுக்கவும் கூடாது, கொட்டவும் கூடாது.

சண்டை நடந்த அந்த நாட்களில் கொழும்பில் எந்தத் தமிழ் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று படிவம் நிரப்பிப் பொலிசில் பதியவேண்டும். அம்மா அதில் அண்ணாவின் பெயரையும் எழுதவைத்தார். வீடு பார்க்க வந்த பொலிஸ்காரன் படிவத்தையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரில் விரலை வைத்து, “கோ மேயா?” என்றான். இந்த ஆள் எங்கே என்று கேட்கிறான். அம்மா தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொற்களில் இரண்டை எடுத்து, “வெடட்ட கியா” என்றார். வேலைக்குப் போய்விட்டான் என்று.

அவன் போனபிறகு நான் கத்தினேன்.

“உங்களுக்கென்ன விசரோ அம்மா? நாளைக்கு வந்து ஆளைக் காட்டு எண்டால் என்ன செய்யிறது?”

“நான் பொய்யோ சொன்னனான்? வேலைக்குத்தானே போனவன்.”

நான் எழுந்துபோய்க் கதவைப் பூட்டினேன்.

இரண்டு வருடத்தில் அம்மாவின் கால்விரலில் ஒரு சின்னப் புண் வந்தது. வந்தது போகவில்லை. டொக்டர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, சீனி இந்த அளவில் இருந்தால் முதலில் விரல், பிறகு கால் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். கொழுப்பும் கூடிப்போய் இருந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு வட்டிலப்பத்தைப் போட்டுக்கொடுத்தேன்.

“கிழமைக்குப் பத்து முட்டையா? தனியாவா?”

“அவன் வந்தால் அவன்ர பங்கை நான் ஏன் தம்பி தின்னப்போறன்?” என்றார் அம்மா.

டொக்டர் குனிந்து எதையோ எழுதினார். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது நான் முடிவெடுத்தேன். அண்ணாவைக் கொண்டுவர என்னால் முடியாது. அம்மாவின் காலையாவது காப்பாற்றலாம்.

கீழ்வீட்டு அன்ரியிடம் போய், முட்டையில்லாமல், பாதிக் கருப்பட்டியில் வட்டிலப்பம் செய்ய வழி கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“முட்ட இல்லாட்டி அது என்னத்த மகள் வட்டிலப்பம்? கஞ்சி எண்டு செல்லுங்க.” பிறகு மனம் இரங்கி, நோன்புக் காலத்தில் தாங்கள் காய்ச்சும் கடற்பாசியில் ஒரு கட்டைக் கையில் தந்தார். “இதக் கரச்சி ஊத்திப் பாருங்க. கொஞ்சமாப் போடணும், சரியா? கூடினா றப்பர்தான்.”

கூடித்தான் போனது. அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க அன்ரியின் குசினியிலேயே செய்து பார்த்தேன். முதல் தடவை கிண்ணத்தைக் கவிழ்த்தபோது அது மேசையில் துள்ளியது. இரண்டாம் தடவை கடற்பாசியைக் குறைத்துச் சோளமாவைச் சேர்த்தேன். சுவரில் நோட்டீஸ் ஒட்டலாம் போல இருந்தது. மூன்றாம் தடவை சோளமாவை விட்டுவிட்டு, வீட்டில் எப்போதும் இருக்கிற வறுத்த பயற்றம் மாவைப் போட்டேன். நிறத்துக்கும் மென்மைக்கும் அவித்த பூசணிக்காயை மசித்துச் சேர்த்தேன். கருப்பட்டி பாதி, தேங்காய்ப்பால் இரண்டாம் பால், ஏலக்காயும் சாதிக்காயும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட. அது இறுகியது. நாக்கில் வைத்தால் கரைந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே இருந்தது.

ஒரு குறைதான். முட்டை போட்டு அவித்த வட்டிலப்பத்தை வெட்டினால் உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். என்னுடையது தட்டையாக, மூடிக்கிடந்தது. அம்மாவின் கண்ணுக்கு அது தப்பாது. ஒரு புது ஈர்க்கைக் கழுவி எடுத்து, மேலே குத்திக் குத்தி ஓட்டை போட்டேன். படித்து, கந்தோரில் வேலை செய்கிற ஒருத்தி செய்கிற வேலையா அது? செய்தேன்.

வீட்டில் அதைச் செய்த சனிக்கிழமை நான் லீவு எடுத்திருந்தேன். அடுப்படியில் நின்றால் கால் நோகும் என்று சொல்லி அம்மாவைச் சமையலிலிருந்து விலக்கிவைத்தேன். சனீஸ்வரனுக்கு எள்விளக்கு ஏற்ற அவர் கோயிலுக்குப் போன நேரத்தில் எல்லாவற்றையும் செய்து முடித்தேன். கடைக்குப் பால்மா வாங்கப் போனபோது கடைக்காரர், “அத பித்தர எப்பாத நங்கி?” என்று கேட்டார், இன்றைக்கு முட்டை வேண்டாமா தங்கச்சி என்று. வேண்டாம் என்றேன். பெருமையாக இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வருடா வருடம் அப்பாவின் திதியில் திவசம் செய்து, அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்போம். ஆனால் படைப்பது எல்லாம் மரக்கறி. மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காத மனிதர், செத்தபிறகு வருடத்தில் ஒருநாள் வந்து வாழைக்காயைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார் என்று அண்ணா பகிடி பண்ணுவார். “மச்சமும் முட்டையும் உயிரோடை இருக்கிறவைக்கடா,” என்பார் அம்மா. இன்னொன்று, வீட்டில் மரக்கறியாக எந்தப் பலகாரம் செய்தாலும் முதற்கிண்ணம் சாமித் தட்டுக்குப் போகும். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில்தான் அப்பாவின் படமும் இருந்தது. வட்டிலப்பம் முட்டை போட்டது, ஆகவே ஒருநாளும் அங்கே போனதில்லை.

அன்றைக்கு நான் கிண்ணத்தில் முதற்பங்கை எடுத்தேன். கைப்பழக்கம். இது இப்போது சைவம்தானே என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கொண்டுபோய்த் தட்டில் வைத்து, விளக்கைக் கொளுத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

அம்மா இரண்டு மணியளவில் வந்தார். சாமித் தட்டுக்கு முன்னால் திருநீறு பூசப் போனவர் திரும்பி வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுண்டுவிரலால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார்.

“முட்டை போடேல்லை.”

“இல்லையம்மா. டொக்டர்...”

“அவனுக்கு விருப்பமான சாப்பாட்டை மரக்கறியாக் காய்ச்சி, விளக்கும் கொளுத்தி, அப்பாவுக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறாய்.” குரலை உயர்த்தவில்லை. “எந்தத் திதி எண்டு பாத்து வைச்சனீ? உனக்கு ஆர் சொன்னது?”

என் கையில் சவர்க்கார நுரை இருந்தது. நான் உங்களுக்காகத்தான் செய்தேன், உங்கள் காலுக்காகத்தான் செய்தேன் என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மையும்கூட. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான இடத்தில் வந்து குத்தியது. நான் அண்ணாவை எப்போதோ கைவிட்டிருந்தேன். எந்த மாதம், எந்தக் கிழமை என்று சொல்லமுடியாது. படியில் சத்தம் கேட்கும்போது அம்மாவுக்காகத்தான் பேச்சை நிறுத்தினேன், எனக்காக அல்ல. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது, அம்மாவுக்கும் அதே நேரத்தில் தெரிந்துவிட்டது. அந்த வெட்கத்தைப்போல ஒன்றை நான் பிறகு பட்டதில்லை.

அம்மா விளக்கை அணைத்தார். கிண்ணத்தை எடுத்து, அந்த இடத்திலேயே நின்று, எல்லாவற்றையும் சாப்பிட்டார். அழுதுகொண்டு சாப்பிடவில்லை, மருந்து குடிப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார். படையலைப் படையல் இல்லாமல் ஆக்க அவருக்குத் தெரிந்த வழி அது. நானும் குறுக்கே போகவில்லை. அன்று இரண்டரை மணிக்கு அவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலில் இருந்தார். என்னைப் பக்கத்தில் வரவிடவில்லை.

புதன்கிழமை வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. புதன்கிழமை பின்னேரம், கால்விரலுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். புண்ணைப் பார்த்தபடியே கேட்டார்.

“பூசணிக்காயோ போட்டனீ?”

“ஓம்.”

“பரவாயில்லை, ருசியாத்தான் இருந்தது.” கட்டு முடிந்த காலைக் கீழே வைத்தார். “ஒரு முட்டை போடு. ஒண்டு காணும். பத்து வேண்டாம். ஒண்டு கட்டாயம் கிடக்கோணும்.”

“ஓமம்மா.”

“ஈர்க்காலை குத்தாதை. வரிசையா இருக்கு. ஆரும் நம்பாயினம்.”

ஒரே ஒரு முட்டை அந்தக் கலவையில் ஒன்றும் செய்யாது. இறுக்குவது கடற்பாசியும் பயற்றம் மாவும்தான். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா பக்கத்தில் வந்து நின்று, நான் அதை உடைத்து ஊற்றுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவார். கடைக்காரர் ஒற்றை முட்டையைக் கடதாசியில் சுற்றித் தரும்போது சிரிப்பார். சிரிக்கட்டும் என்று விட்டேன். சீனி இறங்கியது, புண் ஆறியது. டொக்டர் என்னைப் பாராட்டினார். பங்கை அம்மாவே தொடர்ந்து சாப்பிட்டார். அண்ணாவின் பெயரைச் சொல்லிச் சாப்பிட்டாலும், உள்ளதைச் சொன்னால், அவருக்கும் வட்டிலப்பம் என்றால் உயிர். கடைசிக் காலத்தில் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்படியே ஆறு வருடம் போனது. பிறகு ஒருநாள் பகல், உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இரண்டு கால்களோடும் பத்து விரல்களோடும் முழுசாகத்தான் போனார். சண்டை அப்போதும் முடிந்திருக்கவில்லை. படியில் சத்தமும் வரவில்லை.

அம்மாவுக்குத் திதி உண்டு. ஐயர் பஞ்சாங்கம் பார்த்து எழுதித் தந்தார். வருடா வருடம் நான் கத்தரிக்காய், பயற்றங்காய், வாழைக்காய் எல்லாம் சமைத்துப் படைக்கிறேன். “அம்மாவுக்கு விருப்பமான இனிப்பு ஏதும் வைச்சிருக்கிறீங்களோ?” என்று ஐயர் ஒவ்வொரு முறையும் கேட்பார். “பாயாசம்தான் ஐயா,” என்பேன். அம்மாவுக்குப் பாயாசம் பிடிக்காது. வாயில் வைக்கவே மாட்டார்.

முட்டை போட்ட வட்டிலப்பத்தைப் படைக்க முடியாது. முட்டை போடாமல் படைத்தால் அது அண்ணாவுக்கும் சேர்த்து வைத்ததாகிவிடும். அண்ணா வருவார் என்ற நம்பிக்கை இல்லாத நான்தான் அம்மாவின் நம்பிக்கைக்குக் காவல் இருக்கிறேன். வருடத்தில் ஒருநாள் பிள்ளையின் வீட்டுக்கு வந்து, பிடிக்காத பாயாசத்தைப் பார்த்துவிட்டு, அம்மா அரை வயிற்றோடு திரும்பிப் போகிறார். கேட்டால் அவரும் அதைத்தான் வைக்கச் சொல்வார்.