அடையாறுக்குக் கூஜா தூக்கிய கதை

வயதான அப்பா அம்மாவுக்கு வாடகை வீடு தேடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். என் அண்ணாவிடம் மட்டும் காட்ட வேண்டாம்.

போன வருஷம், அதாவது எழுபத்து நாலு டிசம்பரில், மயிலாப்பூரில் எங்கள் மாடிப் போர்ஷனை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். அவர் பெண் பிரசவத்துக்கு வருகிறாளாம். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்கும் அந்த வீடு ஒத்துவராமல் போய்க்கொண்டிருந்தது. பத்தொன்பது படி, கக்கூஸ் கீழே, கொல்லையில். "படி, படி" என்று பதினாறு வருஷமாக என்னை விரட்டிய அப்பாவுக்கு இப்போது படி என்றாலே பயம். இரண்டு முழங்காலும் மடங்குவதில்லை. அம்மாவுக்கோ கண்ணில் புரை. டாக்டர், மாங்காயைச் சொல்வதுபோல், "நன்றாக முற்றட்டும், பிறகு எடுக்கலாம்" என்கிறார்.

ஆனால் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் முழுசாக ஒரு ஆள் தேறும். படி இறங்கும்போது அப்பா "இன்னும் மூணு, இன்னும் ரெண்டு" என்று எண்ணுவார். அம்மா தோளைக் கொடுப்பாள். அவர் பேப்பரை உரக்கப் படிப்பார். அவள் அவருக்கு வேண்டியதை எடுத்துவந்து கொடுப்பாள். அவர் கண், இவள் கால்.

அண்ணா ஒரு ஏற்பாடு சொன்னான். அப்பா அடையாறில் அவனோடு, அம்மா தி. நகரில் அக்காவோடு. இரண்டு வீட்டிலும் ஒரு கட்டிலுக்குத்தான் இடம். மார்கழியில் குடிபோகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் போவது குடிபோவதில் சேராது, ஆகவே தை வரைக்கும் இப்படி இருக்கட்டும் என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "தை வரைக்கும் நான் பேப்பரை யாருக்குடா படிக்கறது?"

தை வரை என்பது சித்திரை வரை ஆகும், அப்புறம் அப்படியே பழகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். கார்த்திகைக் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மூவரும் கிளம்பினோம். ஒரு வீட்டைப் பிடித்து, தை முதல் தேதிக்கு முன்பணமாவது கொடுத்துவிட வேண்டும்.

காலை 7.40. குளத்தருகே பஸ் நிறுத்தம். கையில் என்ன? கூஜா. வழியில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமாம். "அம்மா, அரசியல்வாதிக்குத்தான் கூஜா தூக்குவா" என்றேன். "தூக்கிப் பழகிக்கோ, மந்திரியானாலும் ஆவே" என்றாள். தி. நகர் பனகல் பார்க் ஐந்து கிலோமீட்டர், ஆளுக்கு இருபத்தைந்து பைசா, இருபது நிமிஷம். ஏறும்போது அப்பா "படி" என்றார், அம்மா ஏறி நின்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அதுவரைக்கும் கண்டக்டர் விசில் கொடுக்கவில்லை. நல்ல மனுஷன்.

வீடு பார்ப்பதற்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். முதலில் அம்மாவாக நடப்பேன்: கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. அடுத்து அப்பாவாக: முழங்காலை மடக்காமல், படுக்குமிடத்திலிருந்து கக்கூஸ் வரை அடி எண்ணிக்கொண்டு. தி. நகர் வீட்டுக்காரர் தென்பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கீழ்த்தளம்தான், ஆனால் நடையெல்லாம் சேலைக் கட்டுகள். அம்மாவாக நடந்த நான் மூன்றாவது அடியில் ஒரு கட்டின் மேல் குப்புற விழுந்தேன். அப்பாவாக நடந்ததில் கக்கூஸ் நாற்பத்தோரு அடி, அதில் பாதி திறந்தவெளி. வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பிக்கு இது எத்தன நாளா இருக்கும்மா?"

"பொறந்ததுலேர்ந்து" என்றாள் அம்மா.

பகல் சாப்பாடு அக்கா வீட்டில். இரண்டு மணிக்குப் பால்காரர் வந்தார். அம்மா கூஜாத் தண்ணீரைச் செடிக்குக் கொட்டிவிட்டு, அரைப்படி பச்சைப்பாலை அதில் ஊற்றச் சொன்னாள். அப்பாவின் மாத்திரைக்காம். அப்பாவுக்குப் பால் வாசனையே ஆகாது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். வயிறு நிறைய மோர்க்குழம்பு. மூளை வேலை செய்யவில்லை.

2.30 பஸ், சைதாப்பேட்டை, கிண்டி என்று சுற்றிக்கொண்டு அடையாறுக்கு நாற்பது நிமிஷம், ஆளுக்கு முப்பத்தைந்து பைசா. இறங்கியதும் சைக்கிள் ரிக்‌ஷா ஒரு ரூபாய். பேரம் பேசலாமென்று வாயைத் திறந்தேன். ரிக்‌ஷாக்காரர் அப்பாவைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, கால நீட்டிக்கினு குந்து. நைனா, நீ பொடிநடையா வா" என்றார். பால் ததும்பாமல் பின்னாலேயே ஓடினேன்.

காந்தி நகர் வீடு. வாசலில் ஒரே படி, மூன்று அங்குலம். படுக்கை அறையை ஒட்டி நாற்காலி மாதிரி உட்காரும் கக்கூஸ். அப்பா கணக்கில் ஒன்பது அடி. சமையலறை வரை ஒரே சுவர். அதைத் தடவிக்கொண்டு கண்ணை மூடியபடி போய் வந்துவிட்டேன், எங்கும் இடிக்கவில்லை. அம்மாவும் போய் வந்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், பிறகு மாடியிலிருந்த வீட்டுக்கார மாமியிடம் பால் காய்ச்ச ஸ்டவ் கேட்டாள். மாமி மாடிக்கு வரச் சொன்னார். "இல்லே மாமி, இங்கயே காய்ச்சிடறேன்."

கிழக்கே பார்க்க ஸ்டவ்வை வைத்து, கூஜாவையே அதில் ஏற்றினாள். பால் விளிம்புக்கு வந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை என்று பதறி அணைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"பொங்கட்டும் விடுடா."

பொங்கி வழிந்தது. மாமிக்கு ஒரு டம்ளர், அப்பாவுக்கு ஒரு டம்ளர். அப்பா முகத்தைச் சுளிக்காமல் குடித்தார்!

நாலு மணிக்கு அண்ணா முன்பணத்தோடு வந்தான். வீட்டுக்கார மாமா நேராக விஷயத்துக்கு வந்தார். பம்பாயிலிருந்து ஒரு குடும்பம் புதன்கிழமை முன்பணத்தோடு வருகிறது. அவர்கள் மார்கழி பார்க்கிறவர்கள் இல்லை. தை வரை காலியாகப் போட்டுவைக்க அவரால் முடியாது. அதற்கு முன் நாங்கள் வருவதானால் சந்தோஷம். அண்ணா அம்மாவைப் பார்த்தான். அம்மா ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்போ நான் சொன்ன ஏற்பாடுதாம்மா" என்றான். வெளியே வந்தோம்.

தெருமுனையில்தான் கவனித்தேன், கை லேசாக இருந்தது. கூஜாவை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். திரும்பி ஓடப்போனவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள் அம்மா.

"அது அங்கயே இருக்கட்டும்."

"பிறத்தியாராத்துல பாத்திரத்தை விட்டுட்டு வருவாளாம்மா?" என்றான் அண்ணா.

"பிறத்தியாராத்துல இல்லேடா, நம்மாத்துல. கார்த்திகைலயே குடி போயாச்சு. பால் காய்ச்சினேன், பொங்கித்து. உங்கப்பா மூக்கைப் பிடிச்சுக்காம குடிச்சார். பாத்திரமும் அங்க இருக்கு. இனிமே மார்கழில வரப்போறது சாமான்தான். அதுக்கு நாள் பாக்கணும்னு எவன் சொன்னான்?"

அப்பா தடியை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கும்போது அவர் அப்படித்தான் பார்ப்பார். அண்ணா கடிகாரத்தைப் பார்த்தான். நாலு இருபத்தைந்து. நாலரைக்கு ராகு காலம். முன்பணத்தைச் சட்டைப்பையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் குடும்பத்திலேயே கனமான ஆளான என் அண்ணா, காந்தி நகர் நடுத்தெருவில் ஓடினான். அதைப் பார்க்க நான் தனியாக டிக்கெட் எடுத்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை, மார்கழி இரண்டு, ஒரே நடையில் சாமான் வந்து சேர்ந்தது. நானும் அப்பா அம்மாவோடுதான் இருக்கிறேன். அண்ணா வீடு நடந்தால் ஆறு நிமிஷம். ஊரில் யாரையும் ஏமாற்றுவேன் என்று நினைத்திருந்த என்னை நாள் பூராவும் ஏமாற்றியவள், எதிரே நிற்பது யாரென்று கண் தெரியாத என் அம்மா.

தேடப் போகிறவர்களுக்கு: தரகர் காட்டும் ஜன்னலைப் பார்க்காதீர்கள், கக்கூஸுக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள். வீட்டுக்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. தி. நகரிலிருந்து அடையாறு போகிறவர்கள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். முக்கியமாக, இரண்டு பேரையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொருவராக வைத்துப் பார்த்தால், எந்த வீடும் போதும் என்றுதான் தோன்றும்.