படையலுக்கு வைத்த ஒயின்

நான் சமையல் வேலை பார்க்கிற வீடு விருதுநகரில் இருக்கிறது. மிளகாய் வத்தல் யாவாரம் பார்த்த குடும்பம். பிறகு சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியும் போட்டார்கள். போன வருஷம் அந்தக் கம்பெனியில் நடந்த வெடி விபத்தில் அந்த வீட்டு மகன் போய்ச் சேர்ந்தான். பக்கத்து ரூமில் பட்டாசுக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்த என் மகளும் அதிலேயே போனாள். ஒரே நாள், ஒரே நேரம். அதனால் இரண்டு பேருக்கும் திதியும் ஒன்றுதான்.

முதல் வருஷத் திதிக்கு முந்தின நாள், வீட்டுக்கார அம்மா அடுப்படிக்கே வந்து நின்றார்கள்.

"யக்கா, நாளைக்கு அவனுக்குப் பிடிச்சதெல்லாம் உங்க கையாலதான் வைக்கணும். வெள்ளனமே வந்துருங்க."

என் பிள்ளைக்கும் நாளைக்குத்தாம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. சின்ன வயசிலிருந்தே எனக்கு இப்படித்தான். அஞ்சாப்பு வரைக்கும் படித்த பள்ளிக்கூடத்தில், தண்ணி குடிக்கப் போகணும்னு கேட்கக்கூடக் கூச்சப்பட்டுத் தாகத்தோடு உட்கார்ந்திருப்பேன். "சரிம்மா" என்றுதான் சொன்னேன்.

படையல் போடுகிறவர்கள் அது முடிகிற வரைக்கும் பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படாமல் இருக்க வேண்டும். படைக்கிறதை ருசி பார்க்கவும் கூடாது. உச்சிப் பொழுது சாய்வதற்குள் இலை போட்டுவிட வேண்டும். பெரிய வீட்டில் பத்து மணிக்கு முடிந்தாலும், பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய் என் மகளுக்கு என் கையால் இலை போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். மருமகனிடம் சோறு மட்டும் வடித்து வைக்கச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. மகள் இருந்தவரை எதுவானாலும் அவள் வழியாகத்தான் போகும்.

மறுநாள் விடியக்காலமே போய் ஆட்டுக்கறிச் சுக்கா, முட்டை, உளுந்த வடை எல்லாம் செய்து முடித்துவிட்டேன். இலை போட வேண்டியதுதான் பாக்கி என்று கையைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது, அம்மா ஒரு துண்டில் சுற்றி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார்கள். கரும்பச்சைப் பாட்டில், கழுத்தில் தங்கக் கலர் தாள். கையில் வாங்கினால் அம்மிக்குழவி மாதிரி கனத்தது.

அந்தப் பாட்டில் எனக்குத் தெரியும். பையன் இருந்த காலத்திலேயே பீரோவுக்குள் துணிக்குப் பின்னால் அதை அம்மா கண்டுபிடித்து, "இது என்ன குடிகாரப் பய வீடா" என்று ரெண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தார்கள். அவன் சிரித்தான். "சாராயம் இல்லம்மா இது, திராட்ச ஒயினு. எனக்குப் பொண்ணு முடிவாகுற அன்னைக்கு நீயும் ஒரு மடக்குக் குடிப்ப பாரு."

"பிடிச்சத வைக்கணும்னா இதையும் வைக்கணும்ல" என்றார்கள் அம்மா. எங்கள் தெருவில் செத்த ஆம்பளைக்குக் குவார்ட்டர் பாட்டில் வைக்காத படையல் ஏது? ஆனால் இதை எப்படித் திறப்பது, எதில் ஊற்றுவது என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. இளைய மகள்தான் அண்ணனுடைய கூட்டாளியைப் போனில் முகம் தெரிகிற மாதிரி கூப்பிட்டாள். அவனுக்குச் சென்னையில் பெரிய ஓட்டலில் இதையே பரிமாறுகிற வேலை.

பாட்டிலைக் காட்டச் சொல்லிப் பார்த்தான். பாட்டிலில் ஒட்டின சீட்டில் போட்டிருக்கிற வருஷம் அந்தத் திராட்சை விளைந்த வருஷம் என்றான். நல்ல விளைச்சல் கண்ட வருஷத்தில்தான் இப்படிப் போடுவார்களாம். கலர் சோடா மாதிரி கேஸ் அடைக்கிறது இல்லையாம், பாட்டிலுக்குள்ளேயே நொதித்து நுரை கட்டுமாம், குளிர்ந்த நிலவறையில் வருஷக்கணக்காகப் படுத்துக் கிடக்குமாம்.

"இதுநாள் வரைக்கும் எங்க வச்சிருந்தீங்க?"

"பீரோவுக்குள்ளதாண்ணே."

"விருதுநகர் வெயில்லயா?" என்றான். பிறகு, வாளியில் ஐஸும் தண்ணியுமாகப் போட்டு, கழுத்து முங்க அரை மணி நேரமாவது வைக்கச் சொன்னான். தொட்டுக்க என்ன செய்திருக்கிறோம் என்று கேட்டான். சுக்கா என்றதும், "காரம் சேராதும்மா, கசந்துரும். உப்பா, மொறுமொறுன்னு வையுங்க. உருளைக்கிழங்கு, முந்திரி, மசாலா போடாத மீனு" என்றான்.

அம்மாவின் நாத்தனார் முந்தானையை உதறிக்கொண்டு சொன்னாள்: "வத்தக் கடைக்காரன் பிள்ளைக்குக் காரம் ஆகாதாம்ல. நல்லாருக்கு ஞாயம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வந்து பாதியில் அழுகையாகிவிட்டது.

ஐஸ் வாங்க ஆள் போனது. நான் உருளைக்கிழங்கைச் சீவி வறுத்தேன். முந்திரியை உப்புப் போட்டுப் புரட்டினேன். ஐஸ் வந்து பாட்டிலை வாளியில் இறக்கும்போது மணி பத்தரை தாண்டிவிட்டது. போய்ட்டு வாரேம்மா என்று நாலு தடவை மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். அம்மா வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பாட்டிலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. அதைப் பார்த்த பிறகு எங்கே வாய் வரும்?

திறக்கிற நேரம் வந்ததும் அம்மா எழுந்து தள்ளிப் போனார்கள். "சத்தம் வரும்னா எனக்கு வேண்டாம்."

"வராதும்மா. சத்தம் வந்தா அது திறக்கத் தெரியாதவன் திறந்தது" என்றான் போனில் இருந்தவன். துணியைப் போட்டு மூடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், மூடியைத் திருகக் கூடாது, பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து அதைத்தான் மெதுவாகத் திருப்ப வேண்டும். இளைய மகள் துணியைப் போட்டுப் பிடித்தாள். மகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்கார அய்யா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். உஸ்ஸென்று பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு காற்று வந்தது, அவ்வளவுதான்.

உயரமான ஜூஸ் கிளாஸில் கொஞ்சமாக ஊற்றினாள். நுரை பொங்கி அடங்கியது. வெந்தய ஊறல் மாதிரி இளமஞ்சள் நிறம். அடியிலிருந்து பொடிப் பொடியாக முத்து மாதிரிக் குமிழி ஏறிக்கொண்டே இருந்தது.

"நிறைய ஊத்துறதுக்கு முன்னாடி யாராவது ருசி பாருங்க" என்றான் அவன். "இம்புட்டு வெயில்ல இருந்தது கெட்டுப் போயிருக்கலாம். கெட்டத மட்டும் பரிமாறக் கூடாது."

"படையலுக்கு ருசி பாக்கக் கூடாதேண்ணே. நாங்க எல்லாரும் விரதம்."

"வீட்டாளு இல்லாம யாராவது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவே கிளாஸை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். "யக்கா, ஒரு வாய் மட்டும் பாருங்க. புளிச்சிருந்தாச் சொல்லுங்க. புளிச்சத எம் பிள்ளைக்கு எப்படி வைப்பேன்?"

கிளாஸ் ஜில்லென்று இருந்தது. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பச்சை ஆப்பிள் நறுக்கின வாசமும், ரொட்டிக்கடைப் பக்கம் போனால் வருகிற வாசமும் வந்தது. முத்து வெடித்துத் தண்ணித் துளி மூக்கில் தெறித்தது. அதற்கு மேல் கை போகவில்லை.

"நானும் வெறும் வயித்தோட இருக்கேம்மா."

"ஏங்க்கா, உங்கள யாரு பட்டினி கிடக்கச் சொன்னா? விரதம் எங்களுக்குத்தான?"

"எம் பிள்ளைக்கும் இன்னைக்குத்தாம்மா."

அந்தக் கூடத்தில் வாளிக்குள் ஐஸ் உருகி நகர்கிற சத்தம் கேட்டது. விபத்து நடந்த மூணாம் நாள், தன் பிள்ளையின் காரியத்துக்கு நடுவிலேயும் என் வீட்டுக்கு மாலையோடு வந்தவர்கள்தான் அம்மா. தெரியாதவர்கள் இல்லை. நினைவு வரவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா" என்றார்கள். கோபம் இல்லை, ஆனாலும் குத்தம் என் பக்கம்தான் என்கிற குரல்.

"வாயில விட்டுட்டுத் துப்பிர வேண்டியதுதான. தொண்டைக்குள்ள போனாத்தான விரதம் கெடும்" என்றாள் நாத்தனார்.

"சும்மா இருங்க மதினி." அம்மா என் கையிலிருந்து கிளாஸை வாங்கினார்கள். "அப்படியே வைப்போம். நல்லாருந்தாலும் கெட்டுருந்தாலும் அவன் வாங்குனது. அவனே பாத்துக்கிடட்டும்."

இலை போட்டார்கள். சுக்காவைத் தள்ளி ஓரத்தில் வைத்து, உருளைக்கிழங்கும் முந்திரியும் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சூடம் காட்டினார்கள். முத்து ஏறுவது அடங்குகிற வரைக்கும் அம்மா எழுந்திருக்கவில்லை. அது அடங்க வெகு நேரம் ஆனது. பிறகு கிளாஸை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்கள். முகத்தைச் சுளித்தார்கள். இன்னொரு மடக்குக் குடித்தார்கள்.

"எப்படிம்மா இருக்கு?" போனில் அவன் கேட்டான்.

"தெரியலய்யா. இது எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியாதே."

நாத்தனாரும் குடித்துப் பார்த்தாள், இளைய மகளும் பார்த்தாள். அவர்களாலும் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் அதன் ருசி தெரிந்தவன் படத்தில் இருந்தான்.

நான் கிளம்பினேன். கொண்டுபோய் விட அந்த வீட்டுக் காரும் இல்லை, அன்னதானத்துக்குச் சோறு கொண்டுபோயிருந்தது. பஸ் ஸ்டாண்டில் வெகு நேரம் நின்றேன். ஊரில் இறங்கி நடக்கும்போது என் நிழல் காலை விட்டுக் கிழக்கே நகர்ந்திருந்தது.

மருமகன் இலை போட்டிருந்தார். வடித்த சோறு, கடையில் வாங்கின சாம்பார், அவித்த முட்டை ஒன்று. கருவாட்டுக் குழம்புக்கென்று நான் எடுத்து வைத்திருந்த புளி ஊறினபடியே கிடந்தது. அவருக்கு வைக்கத் தெரியாது. இலை வெயிலில் ஓரம் சுருண்டிருந்தது. இனி ஒரு இலை போட முடியாது. ஒரு நாளைக்கு ஒரு படையல்தான்.

அவர் வாசலில் தெருவைப் பார்த்து நின்றுகொண்டு பேசினார்.

"உச்சி சாஞ்சிருச்சு அத்தே. பாத்துப் பாத்து நானே போட்டுட்டேன்."

"சரி."

"நீங்க எங்கன்னு அவ கேப்பாள்ல. வேலைக்குப் போயிருக்கீகன்னு சொன்னேன்."

அவரை மதிய வேலைக்கு ஏற்றிப் போகிற கம்பெனி வண்டி வந்து நின்றது. ஏறிப் போய்விட்டார். நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன்.