மிஷின் கேட்ட காவு

என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நிற்கின்றன. பார்க்கிறவர்கள் "அய்யோ பாவம்" என்கிறார்கள். பாவப்படுவதற்கு வேறு ஆளைப் பார்க்கட்டும். எனக்கு இன்றுவரை வருவது எரிச்சல்தான்.

போடியில் ஓர் ஏலக்காய் குடோனில் வேலை பார்த்தேன். மலையிலிருந்து ஜீப்பில் வரும் காய்ந்த காயை மிஷினில் கொட்டினால், அது உருட்டி உரசிக் காம்பை நீக்கித் தரும். பெல்ட்டும் சக்கரமும் சுற்றுகிற இடத்துக்குக் கம்பிவலை மூடி ஒன்று உண்டு. உதிர்ந்த காம்பும் தூசியும் அந்த வலையில் அடைத்துக்கொள்ளும். மிஷினை நிறுத்தித்தான் துடைக்க வேண்டும். எங்கள் சூப்பர்வைசருக்கு அது பொறுக்கவில்லை. மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டார். அதன் பிறகு ஓடுகிற மிஷினிலேயே காம்பைக் கையால் தட்டிவிடுவது எங்கள் குடோன் வழக்கமாகிவிட்டது. நிறுத்திவிட்டுத் தட்டுகிறவளுக்கு 'மகாராணி' என்று பட்டம்.

மறுநாள் காய் ஏலத்துக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் ஒருநாள் தட்டப் போனேன். பெல்ட் கையை இழுத்துக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் ரோட்டில் போனவன்கூட ஓடி வந்தான். சூப்பர்வைசரும் ஓடி வந்தார். வந்த மனுசன் முதலில் எதைப் பார்த்தார் என்கிறீர்கள்?

"காயில ரத்தம் பட்டுருச்சா பாருங்கம்மா, வெரசா அள்ளுங்க!"

தூ!

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது அவரே என் காதோரம் குனிந்து, "யக்கா, வீட்டுக் கிரைண்டர்ல மாட்டிக்கிருச்சுன்னு டாக்டர்கிட்டச் சொல்லிருங்க. மொதலாளிக்குச் சங்கடம் வந்துறக் கூடாதுல்ல" என்றார். நான் டாக்டரிடம் குடோன் மிஷின் என்றே சொன்னேன். என் வீட்டில் கிரைண்டரே கிடையாது, ஆட்டுரல்தான். ஒரு பொய்யைக்கூட விசாரித்துச் சொல்லத் தெரியாத ஜென்மம்.

அடுத்த நாளே என் இடத்தில் என் தங்கையை நிறுத்தினார்கள். கைக்குழந்தைக்காரி, சோலியை விட முடியாது. கட்டுப் போட்டுப் படுத்திருந்த எனக்கு என் விரல் நினைப்பே போய்விட்டது. அவள் விரல்கள்தான் கண்ணுக்குள் நின்றன. என்னைப் பார்க்க வந்த சூப்பர்வைசரிடம் முதல் வேலையாக மூடியை மாட்டச் சொன்னேன். அவர் ஆப்பிள் பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மூடியில என்னக்கா இருக்கு? மிஷின் காவு கேட்டுருச்சு. வெள்ளிக்கிழமை ஒரு சேவல அறுத்துட்டா அடங்கிரும். நீங்களும் வந்து ஒங்க கையால குங்குமம் வைக்கணும்."

எந்தக் கையால் என்று சொல்லவில்லை. இரும்புக்குப் பசிக்கிறதாம்! காலேஜ் முடித்த ஆள் பேசுகிற பேச்சு இது.

வெள்ளிக்கிழமை போனேன். மிஷினுக்கு மாலை, சந்தனம், எலுமிச்சம்பழம். முதலாளி வெள்ளை வேட்டியில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். சேவலை எதற்குள் அடைத்து வைத்திருந்தார்கள் தெரியுமா? அந்தக் கம்பிவலை மூடிக்குள்! சேவல் தப்பிவிடக் கூடாது என்பதில் மட்டும் அத்தனை அக்கறை. எனக்கு உச்சந்தலை வரை காந்தியது.

அறுத்தார்கள். சக்கரத்தில் ரத்தம் தெளித்தார்கள். சூப்பர்வைசர் சுவிட்சைப் போட்டுவிட்டு என் தங்கையிடம், "இனிமே பயமில்ல தாயி. காம்பு சேந்திருக்கு பாரு, தட்டு" என்றார். அவள் கையை நீட்டினாள். நான் இடது கையால் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"காவு குடுத்தாச்சுல்ல தம்பி?" என்றேன் அவரிடம்.

"குடுத்தாச்சுக்கா."

"மிஷின் அடங்கிருச்சுல்ல?"

"அடங்கிருச்சு."

"அப்ப நீங்க தட்டுங்க."

காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளிக்கு அந்த நேரம் பார்த்து வேட்டி அவிழ்ந்துவிட்டது போல, குனிந்து இடுப்பைச் சரிசெய்தார். சூப்பர்வைசரின் இரண்டு கைகளும் மெல்ல மெல்ல முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

என் தங்கை போய்ச் சுவிட்சை அணைத்தாள். மூடியைத் தூக்கி வந்து அவர் காலடியில் போட்டாள்.

"மாட்டுங்கண்ணே" என்றாள். "மாட்டுனாத்தான் சோலி."