‘டீக் ஹை, சாப்’

சித்தப்பாவின் கட்டிலில் கால்மாட்டுப் பக்கம் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கும். போர்வை பாதத்தில் படாதபடி அதன் மேல் விரித்துவிடுவார் சித்தி. பனிமலையில் காவல் இருந்த காலத்தில் கால் நரம்புகள் கெட்டுப்போனதால், துணி உரசினாலே நெருப்பு பட்டதுபோல் எரியும் அவருக்கு. ராணுவ மருத்துவக் குழு அதை இருபது சதவீத ஊனம் என்று எழுதி அனுப்பிவிட்டது. எங்களுக்கெல்லாம் அது அநியாயமாகப் பட்டது. அவருக்கோ அவமானமாக இருந்தது. பென்ஷன் கூடாவிட்டாலும் போகிறது, நான் பொய் சொல்லவில்லை என்று அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பார்.

மேல்முறையீடு செய்து, மறுபரிசோதனைக்கு நான்தான் ஆட்டோவில் அழைத்துப் போனேன். மனிதர் சவரம் செய்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். அந்த ஷூவுக்குள் காலை நுழைக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அதைப் பார்க்க வேண்டிய டாக்டர்கள் பார்க்கவில்லை. உள்ளே போனதும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்திருக்கிறார். கால் எப்படி இருக்கிறது என்று சீருடையில் இருந்த டாக்டர் கேட்க, பட்டாளத்துப் பழக்கத்தில் ‘டீக் ஹை, சாப்’, நன்றாக இருக்கிறது ஐயா, என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பழைய சதவீதமே சரி என்று பதில் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

“ஆபீசர் முன்னால நின்னா வாய் தானா அப்டி சொல்லுது நைனா. நான் இன்னா பண்றது?” என்றார்.

தீர்ப்பாயத்துக்குப் போனால் இன்னொரு குழு முன் நிற்க வாய்ப்பு கிடைக்கலாம் என்றார் வக்கீல். அதற்காக அயனம்பாக்கம் வீட்டிலேயே ஒத்திகை நடந்தது. சித்தி நாற்காலியில் ஆபீசராக உட்கார்ந்து கேட்பார். சித்தப்பா ‘டீக் ஹை’ என்பார். நாங்கள் சிரிப்போம். ஒரு மாலை, சித்தி கேட்டதும் அவர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். பிறகு, “வலிக்குது. ராவெல்லாம் எரியுது. தாங்க முடில” என்றார்.

சித்திக்குத் தெரியாத வலியா அது? ஆனால் அவர் வாயால் அதைக் கேட்டது அன்றுதான். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அழுகைச் சத்தம் கூடம் வரை கேட்டது. சித்தப்பா நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வக்கீலைப் பார்க்க வரவே இல்லை. கெஞ்சினேன், சண்டைகூடப் போட்டேன். “உடு நைனா. அவ அழுதது போதும்” என்று முடித்துவிட்டார். மனுப்போட வேண்டிய கெடுவும் கடந்துபோனது. சித்தப்பா இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்த வலியைக் குழுவில் யாராவது எழுதியிருப்பார்கள் என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

இப்போது முகப்பேரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். அவர் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். பிறகு, அங்கே கேட்கும்படி குரலை உயர்த்தி, “நல்லாகீது நைனா” என்கிறார்.